உன் இடத்தில் ரஷ்யாவுக்குப் போகிறவள் எழுதுவது

என் செல்லக் கழுதை லோகாவுக்கு,

விசா வந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறவளுக்கு எழுதினால் நலமா, சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கலாம். உன்னிடம் எதைக் கேட்பது? நீ செத்த பிறகு எனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, லோகா. இதைவிடக் கேவலமான செய்தியை உனக்கு யாரும் எழுதியிருக்க முடியாது.

நான் விமானம் ஏறுமுன் உன் படத்தை நினைவஞ்சலியாகப் பத்திரிகையில் போட்டு, கீழே நாலு வரி கவிதையும் போடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். "வாடிய மலரே" என்று தொடங்கும் கவிதையாம், பத்திரிகைக்காரர்களிடமே தயாராக இருக்கிறதாம். நீ மலரா? ரொட்டி சனாய் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் தட்டையும் வழிக்கிற நீ, மலரா? கவிதை வேண்டாம், அவளுக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரே படிக்கட்டும்.

எப்படித் தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். ஆறாம் படிவம் முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்தோம். எனக்கு உணவு அறிவியல் கொடுத்தார்கள், உனக்கு நூலக நிர்வாகம். இரண்டு பேருமே கேட்டது எஞ்சினியரிங். வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கே மதிய இடைவேளையில் உன் கைப்பேசியில்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தோம். ரஷ்ய அரசாங்கம் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் இடங்கள். படிப்பு இலவசம். மின்சக்திப் பொறியியல். முதல் வருடம் மொழி படிக்க வேண்டும், அதன் பிறகு மற்றதெல்லாம்.

ரஷ்யா என்று வாயைத் திறந்ததும் நம் ஊர் கிள்ளானில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். வாழையிலைக் கடை அங்கிள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "டாக்டருக்காம்மா?"

"இல்ல அங்கிள், எஞ்சினியரிங்."

"ஐயோ, ஏன்மா, மார்க்கு பத்தலையா?"

"மனுசன அறுக்க எனக்குப் பிடிக்காது அங்கிள். மிசின்தான் அறுப்பேன்" என்றாய். அவர் அதற்குப் பிறகும் உன்னை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படி ஏறி இறங்கியதை மறக்க முடியுமா? ரஷ்யாவில் படித்துவிட்டு வந்த ஓர் அண்ணன் அங்கே பத்திரங்களை ரஷ்ய மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருக்கிறார். நம் பிறப்புப் பத்திரம், தேர்ச்சிப் பத்திரம் எல்லாம் அவர் கையால்தான் மாறின. மருத்துவச் சோதனையில் எய்ட்ஸ் கிருமிக்கும் சேர்த்து இரத்தம் எடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் என் அத்தை, அதாவது உன் அம்மா, ஒரு குதி குதித்தாள். "கலியாணம் ஆவாத பொண்ணுக்கு எதுக்குடி அந்த டெஸ்ட்டு? யாரு கேக்கறான்? நம்பர் குடு, நான் பேசறேன்." ரஷ்ய அரசாங்கத்தோடு பேசக் கிளம்பிய ஒரே கிள்ளான் பெண்மணி அவள்தான்.

நேர்காணலில் நீ டர்பைன் பற்றிப் பேசினாய். நான் பனியைப் பார்க்க ஆசை என்று உளறினேன். முடிவு வந்தது. உனக்கு இடம். எனக்குக் காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர். இடம் கிடைத்தவர்களில் யாராவது விலகினால் அடுத்து நான்.

வயிறு எரிந்தது எனக்கு. நீ அதைப் பார்த்தாய், பார்த்துவிட்டு, "மூஞ்சிய தூக்காதடி, எவளாச்சும் பயந்து போய் ஓடிருவா, உனக்கு வந்துரும்" என்றாய். அந்த எவளோ யார் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

அத்தை நன்றிக்கடன் தீர்க்கத் தண்டவாளத்துக்குப் பக்கத்து முனியாண்டி கோயிலில் பொங்கல் வைத்தாள். சுருட்டு, எலுமிச்சை, சாராயப் புட்டி, எல்லாம் வரிசையாக இருந்தன. பூசை முடிந்து எல்லாரும் தட்டோடு நிற்கும்போதுதான் என் அம்மாவுக்கு நாக்கில் சனி உட்கார்ந்தது. கையைக் கும்பிட்டபடி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"முனியாண்டி, என் அண்ணன் மவளுக்குக் குடுத்துட்ட, சந்தோசம். ஆனா அந்த இடத்த எம் மவளுக்குக் குடுத்திருந்தா ஒரு கருப்புக் கிடாவே வெட்டியிருப்பேன்லா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. மாத்திக் குடு, வெட்டறேன்."

எல்லாரும் சிரித்தோம். அத்தையும்தான். "பாரு, இவ சாமிக்கே காப்பிக் காசு லஞ்சம் குடுக்கறா" என்று அம்மாவின் முதுகில் ஒன்று போட்டாள். நீ பொங்கல் வாயோடு சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்டினேன். அது விளையாட்டு. விளையாட்டு என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த மாதமே வேலை முடிந்து மழையில் மோட்டார் சைக்கிளில் வந்த உன்னை லோரி அடித்தது.

உன்னை எரித்த நாளைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுக்குமாடிக்குக் கீழே போட்ட கூடாரத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சொந்தக்காரி, பேரைச் சொன்னால் நீயும் காறித் துப்புவாய், பக்கத்தில் இருந்தவளிடம் குசுகுசுத்தாள்: "அப்ப அந்த ரஷ்யா இடம் இந்தப் புள்ளைக்கா?" செருப்பைக் கழற்றி அவள் வாயிலேயே போட்டிருப்பேன். போடவில்லை. அவள் கேட்டதைத்தான் நானும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடம் எனக்கு என்ற செய்தி வரும், வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கடைசியில் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் அலுவலகத்துக்கே போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். உங்களுக்கு முன்னால் இருக்கும் மாணவி வருவதாக உறுதி செய்திருக்கிறார், அதனால் இடம் காலியில்லை என்றாள்.

எந்த மாணவி என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

யார் செய்த வேலை என்று கேட்கவே வேண்டாம். உன் கைப்பேசி அத்தையிடம் இருந்தது. அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தை எடுத்து, மகள் வேலைக்குப் போயிருக்கிறாள், கண்டிப்பாக வருவாள் என்று சொல்லியிருக்கிறாள். அவர்களுடைய இணையப் பக்கத்தில் உன் பெயருக்கு எதிரே "ஏற்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் இருந்தது. உன் படமும் இருந்தது. அத்தை தினமும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், லோகா. மற்ற எல்லா இடத்திலும் உன்னை அழித்துவிட்டார்கள், அடையாள அட்டையைக்கூட வெட்டி வாங்கிக்கொண்டார்கள். அங்கே மட்டும் நீ செப்டம்பரில் போகப்போகிறவள்.

நீ போகாவிட்டால் அந்த இடம் வீண். நீ விலகியதைத் தெரிவிக்கும் தேதி தாண்டினால் எனக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. விலக வேண்டுமென்றால் பெற்றவள் கையெழுத்தும் இறப்புப் பத்திரமும் வேண்டும். அம்மா போய்க் கேட்க மாட்டேன் என்றாள். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அண்ணிகிட்ட போவேன்?" அப்பா வழக்கம்போல வெளியே போய் மோட்டாரைத் துடைத்தார். நான் போனேன்.

மாமா செத்துப் போனதிலிருந்து நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த அந்த வீட்டில் அத்தை ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு மைலோ கலந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்தாள்.

"கையெழுத்துக்கு வந்தியா?" என்றாள்.

"ஆமா அத்தை."

"வெக்கமா இல்லையாடி உனக்கு?"

"இருக்கு அத்தை. ஆனா எனக்குப் போவணும்."

இப்படித்தான் சொன்னேன். அழுது, காலில் விழுந்து, லோகாவுக்காகத்தான் அத்தை என்று நாடகம் போட்டிருக்கலாம். அவளிடம் அது எடுபடாது, உனக்கே தெரியும். என்னையே பார்த்தாள். நீ கோபத்தில் பார்ப்பாயே, அதே பார்வை.

"உங்கம்மா கேட்டா. அவன் குடுத்துட்டான்" என்றாள். "வாங்கிக்கிட்டு சும்மா இருந்தா எப்படி? கிடாவ வெட்டச் சொல்லு."

"அத்தை, அது சும்மா விளையாட்டுக்கு..."

"எம் மவ செத்தது விளையாட்டா? வெட்டச் சொல்லு. எல்லாரும் இருக்கணும், அன்னைக்கு சிரிச்சவங்க எல்லாரும். என் கண்ணு முன்னால வெட்டட்டும். அப்புறம் போடறேன் கையெழுத்து."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உனக்குப் புரிகிறதா, என்ன மாட்டு மாட்டிவிட்டாள் உன் அம்மா என்று? வெட்டினால், ஆமாம், நான் கேட்டேன், சாமி கொடுத்தது, அதற்காக என் அண்ணன் மகளை எடுத்துக்கொண்டது என்று என் அம்மா ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிறது. வெட்டாவிட்டால் கையெழுத்து இல்லை. கையெழுத்தை விடு. சாமிக்குச் சொன்ன கிடாவை ஏமாற்றிவிட்டு என்னை விமானம் ஏற்ற அவளுக்குத் தைரியம் இருக்கிறதா?

"நான் கொன்னேனாடி? சொல்லு, நானா கொன்னேன்?" என்று என்னையே கேட்டாள்.

"லோரிக்காரன் கொன்னான்மா."

"அப்ப ஏன் அந்த இடம் உனக்கு வந்துச்சு?"

பட்டியலில் நான் அடுத்தவள், அதனால் வந்தது. இதைச் சொல்லவும் சொன்னேன். அவள் காதில் அது ஏறவில்லை. பூசாரியிடம் ஓடினாள். விளையாட்டுக்குச் சொன்னது வேண்டுதலில் சேராது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அம்மா அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்த மனிதர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சாமிக்கு விளையாட்டு எது, வெனை எதுன்னு தெரியாதும்மா. வாய்விட்டுச் சொன்னா சொன்னதுதான்" என்றார்.

உன் கருமக்கிரியை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டினோம். அன்று சிரித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அத்தை நல்ல பட்டுப் புடவை கட்டி வந்திருந்தாள். உன் நேர்காணலுக்கு உன்னைக் கட்டச் சொல்லி நீ மாட்டேன் என்றாயே, அந்த நீலப் புடவை. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லாரும் ஏதோ ஒரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். கிடாவின் தலையில் தண்ணீர் தெளித்து, அது தலையை ஆட்டி உத்தரவு கொடுக்கும்வரை காத்திருந்தோம். கேடுகெட்ட கிடா, அசையவே இல்லை. பூசாரி மறுபடியும் தெளித்தார். அம்மா கைகளைக் கூப்பியபடி நின்றாள். சாமி மாட்டேன் என்று சொல்லட்டும், இதோடு முடியட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள் என நினைக்கிறேன். நான் ஆட்டுடா, ஆட்டுடா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டியது.

கறி வெந்து இலை போட்டதும் அத்தை வாளியை வாங்கிக்கொண்டாள். எல்லாருக்கும் அவளே பரிமாறினாள். என் அம்மா இலைக்கு வந்தபோது நின்று, கரண்டி நிறைய அள்ளி வைத்தாள். "சாப்பிடு சாந்தா. கேட்டது கெடச்சிருக்கு. நல்லா சாப்பிடு" என்றாள். அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். பிறகு எழுந்து கோயில் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அத்தை எனக்கும் வைத்தாள். நான் சாப்பிட்டேன், லோகா. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். உப்பு தூக்கலாக இருந்தது.

அங்கேயே, அத்தை கையைக் கழுவிவிட்டு, பந்திப் பலகையின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் உன் இறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். அதே மாடிப்படி, அதே அண்ணன். தாளை வாங்கிப் பெயரைப் படித்தார். "அந்த வாயாடிப் புள்ளையா? ஐயோ பாவமே" என்றார். பிறகு கணினி பக்கம் திரும்பி, "பேரு, அப்பா பேரு எல்லாம் பழைய ஃபைல்லயே இருக்கும்மா. தேதிய மட்டும் போட்டா போதும். அஞ்சு நிமிசம் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். சொன்னபடியே சீக்கிரம் முடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

அனுப்பிய கொஞ்ச நாளில் உன் பக்கம் மறைந்தது. என் பக்கம் பச்சையானது. அத்தை கூப்பிட்டு, "உன்னுது காட்டுதா?" என்று மட்டும் கேட்டாள். காட்டுது என்றேன். வைத்துவிட்டாள்.

அம்மா இப்போது முனியாண்டி கோயில் பக்கமே போவதில்லை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால்கூடச் சுற்றுப் பாதையில் போகிறாள். அண்ணியோடு பேச்சு இல்லை. ஒரே அடுக்குமாடி, ஒரே மின்தூக்கி. ஒருத்தி உள்ளே இருந்தால் மற்றவள் படியேறிப் போகிறாள். இதையெல்லாம் சரிசெய்துவிட்டுத்தான் போவேன் என்று நினைத்தேன். என் மூஞ்சி. எதுவும் சரியாகவில்லை.

சொந்தக்காரர்கள் பாட்டை மாற்றிவிட்டார்கள். "லோகாவோட கனவ நீதாம்மா நிறைவேத்தணும்" என்கிறார்கள். அன்று குசுகுசுத்தவளும் என் தலையைத் தடவி அதையே சொன்னாள். உன் கனவு என்று சொல்லிக்கொண்டு நான் படிக்கப் போவதில்லை. நான் எனக்காகப் போகிறேன். எனக்கு ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது. பனிக்கு வாங்கிய பூட்ஸைப் போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. இதற்கு நீ என்ன சொல்வாய்? திட்டுவாயா? பூட்ஸைக் கழற்றச் சொல்லி நீ போட்டுப் பார்ப்பாய். உன் கால் என்னைவிடப் பெரிது, நுழையாது. உள்ளே நுழைத்தே தீருவேன் என்று அதைப் பிய்த்துவிட்டுத்தான் கொடுப்பாய்.

நேற்று அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். விபூதி பூசிவிடுவாள் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனேன், பைத்தியக்காரி. அவள் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தினாள்.

"போயிட்டு வரேன் அத்தை."

"போ. வராத."

"அத்தை..."

"நல்லா படி. அங்கேயே வேலயப் பாரு. ஆனா லீவுக்குன்னு இங்க வந்து என் முன்னால நிக்காத. அவளும் நீயும் ஒரே வயசு. ஒவ்வொரு வாட்டி நீ வரும்போதும் அவளுக்கு இப்ப இத்தன வயசுன்னு நான் பாக்கணும். என்னால முடியாதுடி. கெஞ்சிக் கேக்கறேன், வராத."

உன் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி அத்தை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொய் சொன்னேன், லோகா. அவளிடம் சரி என்றது பொய். உன்னிடம் சொல்கிறேன், இதை வாக்காக வைத்துக்கொள். நான் வருவேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து அந்தக் கதவைத் தட்டுவேன். நம் குடும்பத்து மூக்கு எனக்கும் இருக்கிறது, நம் குடும்பத்து நரை எனக்கும் வரும். இருபத்தைந்தில் நீ எப்படி இருந்திருப்பாய், முப்பதில் உன் இடுப்பு எவ்வளவு பெருத்திருக்கும், நாற்பதில் கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று எப்படித் தேடியிருப்பாய், எல்லாவற்றையும் அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். கொடுமைதான். தெரிந்தேதான் செய்யப்போகிறேன். இருபது வயதில் நின்றுபோன ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே அவள் தனியாகக் கிழவியாகக் கூடாது. திட்டட்டும், துடைப்பத்தால் அடிக்கட்டும். அடித்துவிட்டு, பசிக்குதா என்று கேட்கும்வரை நிற்பேன்.

உன் வயதையும் சேர்த்துச் சுமக்கப்போகிற
உன் அத்தை மகள்,
ரேணுகா